கூடு பழசு, தண்டவாளம் புதுசு

*கெந்திங்கில் இடித்தார்கள். செந்தோசாவில் வண்டியை மட்டும் மாற்றினார்கள். கலிபோர்னியாவில் கூம்பைத் தொடாமல் உள்ளே இருந்த தண்டவாளம் மொத்தத்தையும் அகற்றினார்கள். வயதாகும் ரோலர் கோஸ்டரை என்ன செய்வது? லெகோலேண்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கும் இந்தக் கேள்வி வெகுதூரத்தில் இல்லை.*

விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

ஒரு நொடிக்கு முன்புவரை கும்மிருட்டு. நட்சத்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் வயிறு முன்கூட்டியே துள்ளிக்கொண்டிருந்தது. இப்போது வண்டி பாதி வழியில் நிற்கிறது. கூரையெங்கும் வெள்ளை வெளிச்சம். தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் வளைந்து வளைந்து போகும் தண்டவாளங்கள், இரும்புத் தூண்கள், ஊழியர்கள் நடந்துபோகும் ஒடுக்கமான பாலங்கள், கட்டுக்கட்டாக மின்கம்பிகள். அண்டவெளி என்று நம்பி அலறிய இடம், பெரிய கிடங்கின் உட்புறம் போலக் கிடக்கிறது. கூச்சலிட்டவர்கள் கூச்சத்தோடு சிரித்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டிஸ்னி பூங்காவில் இருக்கும் ‘ஸ்பேஸ் மவுண்டன்’ பழுதாகி நிற்கும்போதெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பார்ப்பது இதைத்தான். அந்த ரோலர் கோஸ்டரின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர். ஸ்கூடாய் சாலையில் அந்த வேகத்தில் போனால் பின்னால் வரும் லோரிக்காரர் ஹாரன் அடித்தே நம்மை ஓரங்கட்டிவிடுவார்.

ஆனால் வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் கதை வேறு. 56 மீட்டர் உயரத்தில், 91 மீட்டர் விட்டத்தில், வெள்ளைவெளேரென்று எழுந்து நிற்கும் கூம்பு. 1975ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி திறந்ததிலிருந்து அந்தப் பூங்காவுக்குப் போனவர்கள், போகாதவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உருவம். டிக்கெட் வாங்காதவனுக்கும் அதில் பங்கு உண்டு. உள்ளே ஓடும் இரும்புக்கு வயதாகிறது. வெளியே நிற்கும் உருவத்துக்கு வயது ஏற ஏற மதிப்புக் கூடுகிறது. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருப்பதுதான் தலைவலி.

பெக்கான் நானாஸிலிருந்து மூன்று திசை

ஐந்தாம் எண் கூட்டரசு நெடுஞ்சாலையில், ஸ்கூடாய்க்கும் பொந்தியானுக்கும் நடுவே இருக்கும் பெக்கான் நானாஸுக்கு ஊர்ப்பெயரே தொழில். சாலையோரக் கடைகளில் அன்னாசி அடுக்கிவைத்திருப்பார்கள். ஜோசப்பின் ரகம் எது, எம்டி2 ரகம் எது என்று கேட்டால் கடைக்காரர் வெட்டியே காட்டிவிடுவார். அன்னாசிக்கென்று ஓர் அருங்காட்சியகம்கூட உண்டு. தீம் பார்க்குக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம்.

தொடர்பு பள்ளி விடுமுறையில் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் போவது பெரும்பாலும் மூன்று திசையில். இஸ்கண்டார் புத்ரியில் இருக்கும் லெகோலேண்ட் காரில் ஒரு மணி நேரத்துக்குள். இரண்டாவது பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர், செந்தோசா. வடக்கே நெடுந்தூரம் போனால் கெந்திங் மலை. மூன்று இடத்திலும் ரோலர் கோஸ்டருக்கு வயதாவது என்ற பிரச்சினை ஏதோ ஒரு வகையில் வந்துவிட்டது. மூன்று இடத்திலும் மூன்று விதமாகத் தீர்த்தார்கள்.

கெந்திங்: எதையும் மிச்சம் வைக்கவில்லை

நாற்பது வயதைக் கடந்த மலேசியத் தமிழர் வீட்டில் ஆல்பத்தைப் புரட்டினால் கெந்திங் படம் ஒன்றாவது இருக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பின்னால் பனிமூட்டத்தில் பாதி மறைந்த ‘கோர்க்ஸ்குரூ’ ரோலர் கோஸ்டரோடு நிற்கும் படம். அந்த வெளிப்புறத் தீம் பார்க் 2013 செப்டம்பர் 1ஆம் தேதி மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெயரில் உலகின் முதல் பூங்கா அங்கே வரும், 2016இல் திறக்கும் என்று அறிவித்திருந்தார்கள்.

திறந்தது 2022 பிப்ரவரி 8ஆம் தேதி. அதுவும் ஃபாக்ஸ் பெயர் இல்லாமல், ‘கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ்’ என்று. நடுவில் ஃபாக்ஸ் நிறுவனத்தை டிஸ்னி வாங்கப் போனது, ஒப்பந்தம் முறிந்தது, 2018 நவம்பரில் கெந்திங் மலேசியா நூறு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது, 2019 ஜூலையில் சமரசம் ஆனது, பிறகு கோவிட் வந்தது. மூடியதற்கும் திறந்ததற்கும் இடையே எட்டு ஆண்டுக்கு மேல். முதல் வகுப்பில் இருந்த பிள்ளை மூன்றாம் படிவம் முடித்துவிட்டது.

புதிய பூங்கா நன்றாகவே இருக்கிறது. ஆனால் பழைய பூங்காவின் உருவம் ஒன்றுகூட அங்கே மிஞ்சவில்லை. மலையில் பனிமூட்டம் மட்டும் பழையது. வளைவு ஒன்றையாவது நிறுத்தி வைத்திருக்கலாமே என்ற கேள்வி அப்போது பெரிதாக எழவும் இல்லை. பழையதைக் கழற்றினால்தான் புதியது வரும் என்பதை நாமே இயல்பாக ஏற்றுக்கொண்டோம். இதில் நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செந்தோசா: அதே குடும்பம், வேறு தீர்ப்பு

கெந்திங் குழுமமே நடத்தும் செந்தோசா யுனிவர்சல் ஸ்டூடியோஸில் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ என்ற இரட்டை ரோலர் கோஸ்டர் இருக்கிறது. ஒன்றில் உட்கார்ந்து போவோம். மற்றதில் கால் தொங்கப் போவோம். 42.5 மீட்டர் உயரத்தில் இரண்டு தண்டவாளங்களும் ஒன்றையொன்று இடிப்பதுபோல் பாய்ந்து விலகும். பூங்காவுக்குள் எங்கே நின்றாலும் கண்ணில் படும்.

2010இல் வந்த அது, இளம் வயதிலேயே முடங்கியது. 2013 ஜூலையில் நிறுத்தினார்கள். 2015 மே 27ஆம் தேதி மறுபடி ஓடியபோது தண்டவாளமும் தூண்களும் அப்படியே இருந்தன. மாறியது வண்டி. முன்பு வரிசைக்கு நான்கு இருக்கை; இப்போது இரண்டு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வரிசையில் நிற்பவருக்குத் தெரியும்: ஒரு வண்டியில் ஏறுவோர் குறைந்தால் காத்திருக்கும் நேரம் கூடாமல் என்ன செய்யும்?

பக்கத்திலேயே இன்னொரு பாடமும் கிடைத்தது. செந்தோசாவின் 37 மீட்டர் உயர மெர்லயன் சிலை (அதன் வாய்வழியே எட்டிப் பார்த்த ஜொகூர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர்) 2019 அக்டோபரில் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. அந்த வழியில் ‘சென்சரிஸ்கேப்’ நடைபாதை 2024 மார்ச்சில் திறந்தது. தீவின் அடையாளமாக நின்ற உருவத்தையே எடுத்துவிடலாம் என்றால், ஒரு ரோலர் கோஸ்டர் எம்மாத்திரம்?

லெகோலேண்ட்: கண்ணாடி மாட்டிய நவீனம்

நமக்கு மிக அருகில் நடந்த மாற்றம் இது. மலேசியாவின் லெகோலேண்ட் 2012 செப்டம்பர் 15ஆம் தேதி திறந்தது. ஆசியாவின் முதல் லெகோலேண்ட். அங்கே ‘ப்ராஜெக்ட் எக்ஸ்’ என்ற ரோலர் கோஸ்டர் இருந்தது. கூர்மையான திருப்பங்களில் வெளியே தூக்கி எறிந்துவிடுமோ என்று மிரட்டும் வகை. 2017 நவம்பரில் அதே தண்டவாளத்தில், பயணிகளுக்கு மெய்நிகர் கண்ணாடியை மாட்டிவிட்டு, ‘தி கிரேட் லெகோ ரேஸ்’ என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். இரும்பைத் தொடவில்லை. கண் பார்ப்பதை மட்டும் மாற்றினார்கள்.

நவீனமாக்குவதில் இதைவிட மலிவான வழி இல்லை. அந்த ஆண்டுகளில் உலகெங்கும் பூங்காக்கள் இதைத்தான் செய்தன. லெகோலேண்டை நடத்தும் மெர்லின் நிறுவனமே இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில், 2002இல் கட்டிய ‘ஏர்’ என்ற ரோலர் கோஸ்டருக்கு 2016இல் கண்ணாடி மாட்டி ‘கேலக்டிகா’ ஆக்கியது. சில ஆண்டுகளிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டது, வண்டி ஓடுகிறது. இந்த முறையில் உள்ள தொல்லை கையில் எடுத்துப் பார்த்தால் புரியும். ஒவ்வொரு கண்ணாடியையும் ஒவ்வொரு சவாரிக்கும் துடைக்க வேண்டும், ஒவ்வொரு தலைக்கும் இறுக்க வேண்டும், மூக்குக் கண்ணாடி போட்டவருக்கு வேறு மாதிரி சரிசெய்ய வேண்டும். அதற்குள் இரண்டு வண்டி அனுப்பியிருக்கலாம். நம் வெயிலில் வியர்த்து நிற்கும் நெற்றிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

> பெட்டிச் செய்தி: எப்போது, எவ்வளவு காலம்
>
> ஸ்பேஸ் மவுண்டன், கலிபோர்னியா: 1977இல் திறப்பு. 2003 ஏப்ரல் முதல் 2005 ஜூலை வரை மூடல். வெளிக்கூம்பு அப்படியே, தண்டவாளம் முழுக்கப் புதிது.
>
> ஸ்பேஸ் மவுண்டன், ஃபுளோரிடா: 1975இல் திறப்பு. 2009 ஏப்ரலில் மூடி நவம்பரில் திறந்தார்கள். வண்டிகள் புதிது, உள்ளே இருட்டு கூட்டப்பட்டது.
>
> ஸ்பேஸ் மவுண்டன், டோக்கியோ: 1983இல் திறப்பு. 2024 ஜூலை 31 கடைசி நாள். முழுக்க இடித்துப் புதிதாக. 2027இல் திறக்கத் திட்டம்.
>
> பேட்டில்ஸ்டார் கேலக்டிகா, செந்தோசா: 2013 ஜூலை முதல் 2015 மே வரை மூடல். வண்டி மட்டும் புதிது.
>
> கெந்திங் வெளிப்புறப் பூங்கா: 2013 செப்டம்பர் முதல் 2022 பிப்ரவரி வரை. எல்லாமே புதிது.

இரும்புக்கு என்ன ஆகிறது?

ரோலர் கோஸ்டர் வண்டியின் ஒவ்வொரு சக்கரத் தொகுதியிலும் மூன்று வகைச் சக்கரம் இருக்கும். ஒன்று தண்டவாளத்தின் மேல் உருளும். ஒன்று பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும். ஒன்று அடியிலிருந்து வண்டி எகிறாமல் பார்த்துக்கொள்ளும். ஒரே இடத்தில், ஒரே திசையில், நாளுக்குப் பல நூறு தடவை அதே விசை விழுகிறது. எஃகு உடனே உடையாது. களைக்கும். பற்றவைத்த இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் நீளும். காந்தப் பொடி தூவுவது, மீயொலி அனுப்புவது போன்ற சோதனைகளில்தான் கண்டுபிடிக்க முடியும். பெயின்ட் அடித்து மறைக்கிற விஷயமில்லை இது.

இதைக் கவனிக்காவிட்டால் விலை என்னவென்று ஜப்பானுக்குத் தெரியும். ஒசாகாவுக்கு அருகே எக்ஸ்போலேண்ட் பூங்காவில், நின்றபடி போகும் ரோலர் கோஸ்டர் ஒன்று 1992 முதல் ஓடிக்கொண்டிருந்தது. 2007 மே 5ஆம் தேதி, விடுமுறைக் கூட்டத்துக்கு நடுவே, ஓடும்போதே சக்கர அச்சு முறிந்தது. இளம்பெண் ஒருவர் இறந்தார்; 19 பேர் காயமடைந்தார்கள். காரணம் உலோகக் களைப்பு. 15 ஆண்டாக அந்த அச்சை மாற்றவே இல்லை. பூங்கா அதிலிருந்து மீளவில்லை. 2009இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

பழசுதான் ஆபத்து என்றும் சொல்லிவிட முடியாது. சென்னை தாம்பரத்துக்கு அருகே உள்ள கிஷ்கிந்தா பூங்காவில் 2016 மே மாதம் நடந்த விபத்தில் சரிந்தது புதிய ராட்டினம். சோதனை ஓட்டத்தில் ஏறியிருந்த ஊழியர்களில் ஒருவர் இறந்தார். புதியது வரும்போதும் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே தண்டவாளம் விஷயத்தில் ஏக்கத்துக்கு இடமில்லை என்பதே என் கட்சி. தாத்தா போன தண்டவாளத்தில் பேரனும் போக வேண்டும் என்று யாராவது சொன்னால், பேரனை அனுப்பும் முன் ஆய்வு அறிக்கையைக் காட்டுங்கள் என்று கேட்பேன். உருவம் வேறு விஷயம்.

விலா எலும்பை வெளியே வைத்த மனிதர்

ஸ்பேஸ் மவுண்டனை வடிவமைத்த டிஸ்னி ஓவியர் ஜான் ஹென்ச் செய்த ஒரு காரியத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கூரையைத் தாங்கும் கான்கிரீட் விட்டங்களை வழக்கமாக உள்பக்கம்தான் வைப்பார்கள். உள்ளே சுவரில் நட்சத்திரங்களையும் விண்கற்களையும் ஒளியாகப் பாய்ச்ச வழவழப்பான பரப்பு வேண்டும் என்பதால் அவர் விட்டங்களை வெளிப்பக்கம் தள்ளிவிட்டார். ஃபுளோரிடாவில் அப்படி 72 விட்டங்கள். ஒவ்வொன்றும் 74 டன். உச்சியை நோக்கி அவை நெருங்கிக்கொண்டே போவதால் கூம்பு உண்மையில் இருப்பதைவிட உயரமாகத் தெரியும். உள்ளே ஒளி பாய்ச்சுவதற்காகச் செய்த ஏற்பாடு, வெளியே அந்தக் கட்டடத்தின் முகமாகிவிட்டது.

1977இல் கலிபோர்னியாவின் டிஸ்னி பூங்காவிலும் இதையே கட்டியபோது இடம் சிறியது. கூம்பின் குறுக்களவு சுமார் 61 மீட்டர், உயரம் 36 மீட்டர். அதையும் தரைக்குள் சில மீட்டர் இறக்கிக் கட்டினார்கள். பூங்காவின் கோட்டையையும் பக்கத்துச் செயற்கை மலையையும் சிறுமைப்படுத்திவிடக் கூடாது என்று.

இருபத்தைந்து ஆண்டு கழித்து அந்தத் தண்டவாளம் களைத்துப்போனது. 2003 ஏப்ரலில் மூடினார்கள். உள்ளே இருந்த தண்டவாளம் முழுவதையும் அகற்றிவிட்டு, பழைய பாதையின் அதே வளைவுகளில் புதிய தண்டவாளம் போட்டார்கள். 1998இல் வெண்கலமும் பச்சையுமாகப் பூசியிருந்த வெளிப்புறத்தை மறுபடி வெள்ளையாக்கினார்கள். மைக்கேல் ஜியாக்கினோ இசையமைத்தார். பூங்காவின் பொன்விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக, 2005 ஜூலை 15ஆம் தேதி திறந்தபோது, வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு 1977 திரும்பி வந்திருந்தது. உள்ளே ஏறியவர்களுக்கு முதுகு வலிக்கவில்லை.

நம் ஊர்க் கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி நடக்கும்போது இதற்கு நேர் எதிராகச் செய்கிறோம். மூலவரைப் பாலாலயத்துக்கு எழுந்தருளச் செய்துவிட்டு, கோபுரத்துப் பொம்மைகளைப் புதுப்பித்து, வண்ணம் தீட்டி, மருந்து சாத்தி, குடமுழுக்கு. கோபுரம் பளபளக்கும், கருவறையில் இருப்பவர் அவரேதான். கலிபோர்னியாவில் கோபுரத்தை விட்டுவிட்டு மூலவரை மாற்றினார்கள். யாருக்கும் அது தவறாகப் படவில்லை. ஏனென்றால் இருட்டில் மூலவரை யாருமே பார்த்ததில்லை.

அதே பாதை ஏன்?

புதுத் தண்டவாளம் போடுகிறவர்கள் இன்னும் உயரமாக, இன்னும் வேகமாகப் போட்டிருக்கலாமே? கூடு விடாது. ஓடும் வண்டியிலிருந்து நெட்டையான ஒருவர் கையை முழுக்க நீட்டினாலும் எதிலும் படக் கூடாது. அந்த இடைவெளியைப் பாதை நெடுகக் காக்க வேண்டும். கூம்பின் சுவர் நகராது. தூண்களின் அடித்தளம் நகராது. வேகத்தைக் கூட்டினால் வளைவு பெரிதாக வேண்டும்; வளைவு பெரிதானால் சுவரில் முட்டும். மிச்சம் இருப்பது நுணுக்கம்தான்: ஒரு வளைவிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் பழைய தண்டவாளம் வெடுக்கென்று திரும்பும், கணினியில் வரைந்த புதியது பயணியின் உடலை வழுக்கிக் கொண்டுபோகும்.

கூரையைக் கழற்றக் கூடாது என்றால் பெரிய கிரேன் உள்ளே நுழையாது. பழைய இரும்பைத் துண்டு போட்டு வெளியே எடுத்து, புதியதைத் துண்டுதுண்டாக உள்ளே கொண்டுபோய்க் கோக்க வேண்டும். வெட்டவெளியில் நிற்கும் ரோலர் கோஸ்டரைவிட நாளும் கூலியும் அதிகமாகும். உருவத்தைக் காப்பதன் செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

டோக்கியோ வேறு கணக்குப் போட்டது

டோக்கியோ டிஸ்னிலேண்ட், பூங்காவோடு சேர்ந்து 1983 ஏப்ரல் 15ஆம் தேதி திறந்த தன் ஸ்பேஸ் மவுண்டனைக் காப்பாற்ற முயலவில்லை. 2022 ஏப்ரலில் ஓரியண்டல் லேண்ட் நிறுவனம் அறிவித்தது: முழுக்க இடித்துக் கட்டப் போகிறோம், சுற்றியுள்ள சதுக்கத்தையும் சேர்த்துச் சுமார் 5,600 கோடி யென் செலவு, 2027இல் திறப்பு. 2024இல் ஏப்ரல் முதல் ஜூலை வரை விடைகொடுக்கும் விழாவே நடத்தினார்கள். பழைய வண்டியில் கடைசியாக ஒருமுறை ஏற ஜப்பானியர்கள் வரிசையில் நின்றார்கள். புதியதன் பெயர் ‘ஸ்பேஸ் மவுண்டன்: எர்த்ரைஸ்’. வெளியிட்ட படங்களில் அதுவும் கூம்புதான்.

கூம்பைக் காக்காமல் கூம்பின் சாயலைக் காத்திருக்கிறார்கள். இது ஏமாற்று வேலையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே எதைச் செய்தாலும் 1983இன் சுவருக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டு இப்போது இல்லை. பெரிய வண்டி, புதிய காட்சிகள், பேரிடரில் வெளியேற அகலமான வழி எல்லாவற்றுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கலாம். ஆனால் இதற்குத் துணிய, மூன்று ஆண்டு வருமானத்தை இழந்தும் கூட்டம் குறையாத பூங்காவாக இருக்க வேண்டும். அந்த வசதி எல்லோருக்கும் இல்லை.

> பெட்டிச் செய்தி: சட்டம் காத்த ரோலர் கோஸ்டர்
>
> நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ‘சைக்ளோன்’ 1927 ஜூன் 26ஆம் தேதி ஓடத் தொடங்கியது. இரும்புச் சட்டத்தின் மேல் மரத் தண்டவாளம். 1970களில் பக்கத்து மீன் காட்சியகத்தை விரிவாக்க அதை இடிக்கப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் போராடி நிறுத்தினார்கள். 1988இல் நகரத்தின் அடையாளச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.
>
> இன்றும் ஓடுகிறது. மரத்தைப் பகுதி பகுதியாக மாற்றிக்கொண்டே வருகிறார்கள். உருவத்தையும் ஓட்டத்தையும் பிரிக்க முடியாத சவாரி அது. வெளியே தெரிகிற மரமும் இரும்புமே அதன் உள்ளும் புறமும்.
>
> மாறாக, ஜப்பானின் நாகாஷிமாவில் 1994இல் கட்டிய ‘ஒயிட் சைக்ளோன்’ என்ற மர ரோலர் கோஸ்டரை 2018இல் நிறுத்தி, அந்த மரச் சட்டத்தின் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு எஃகுத் தண்டவாளம் பொருத்தினார்கள். 2019 மார்ச்சில் ‘ஹகுகெய்’ என்று திறந்தது. வெள்ளைத் திமிங்கிலம் என்று பொருள். இப்போது அது தலைகீழாகவும் சுற்றுகிறது.

யார் கணக்கில் விழுகிறது?

மூடும் காலம்தான் இந்தக் கதையில் மிகப் பெரிய செலவு. பூங்காவின் முதன்மையான சவாரி இரண்டு ஆண்டு நின்றால் டிக்கெட் விலையைக் குறைப்பார்களா? குறைப்பதில்லை. நுழைவாயிலில் சிறிய அறிவிப்பு ஒட்டியிருக்கும். பேருந்தில் வந்து இறங்கிய பிறகுதான் பலர் அதைப் படிப்பார்கள். வாடகைக்குப் பேருந்து எடுத்து, காலை நான்கு மணிக்கு நாசி லெமாக் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பும் குழுக்களுக்கு இது சின்ன விஷயமல்ல. எந்தச் சவாரி எந்த மாதம் மூடியிருக்கும் என்பதை முன்கூட்டியே, மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமல்ல, தமிழிலும் சீனத்திலும் வெளியிடுவது ஒன்றும் பெரிய செலவில்லை.

சவாரியை நடத்தும் பிள்ளைகள் அடுத்தது. பொத்தானை அழுத்துகிறவர், பாதுகாப்புப் பட்டையை இழுத்துப் பார்க்கிறவர், வரிசையை ஒழுங்குபடுத்துகிறவர். இதில் பலர் படிப்பை முடித்த கையோடு வரும் இளைஞர்கள். பெரிய பூங்கா என்றால் வேறு பிரிவுக்கு மாற்றலாம். சிறிய பூங்கா என்றால் ‘பிறகு கூப்பிடுகிறோம்’ என்பதோடு முடிந்துவிடும். புத்ரி ஹார்பரில் 2012இல் ஆரவாரமாகத் திறந்த ஹெலோ கிட்டி டவுன் 2019 இறுதியில் மூடியபோது ஏழு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஜொகூரில் பூங்காக்கள் கிழடாவதற்குள் செத்துப்போவதும் உண்டு.

இன்னொரு பக்கம், நவீனமாக்கினால் யார் யார் புதிதாக ஏற முடிகிறது, யார் இறக்கப்படுகிறார்கள் என்பது. பழைய வண்டியில் ஒரே பெஞ்சில் அப்பாவும் மகளும் நெருக்கியடித்து உட்காரலாம். புதிய வண்டியில் ஆளுக்கொரு இருக்கை, ஆளுக்கொரு பூட்டு. பாதுகாப்புக் கூடுகிறது, சற்றே பருத்தவருக்கு இடுப்புக் கம்பி பூட்டிக்கொள்ளாத சங்கடமும் கூடவே வருகிறது. கலிபோர்னியா டிஸ்னி பூங்காவின் ‘மேட்டர்ஹார்ன்’ இதற்கு நல்ல சாட்சி. 1959 ஜூன் 14ஆம் தேதி திறந்த அது, குழாய் வடிவ எஃகுத் தண்டவாளத்தில் ஓடிய உலகின் முதல் ரோலர் கோஸ்டர். சுவிட்சர்லாந்து மலையை நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கி, 45 மீட்டர் உயரத்தில் கட்டிய அதன் வெளிப்புறத்தை இன்றுவரை யாரும் பெரிதாக மாற்றத் துணியவில்லை. 1978இல் உள்ளே பனிக்குகைகளும் பனிமனிதனும் வந்தன. 2012இல் தனித்தனி இருக்கை கொண்ட வண்டிகளைப் போட்டார்கள். முன்பைவிட இடிக்கிறது, முழங்கால் முட்டுகிறது என்று பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். வண்டி புதுசு, பாதை பழசு. அந்தப் பொருத்தம் எளிதில் அமைவதில்லை. போகிற போக்கில் ஒரு செய்தி: அந்த மலையின் உச்சிக்குள், ஊழியர்கள் விளையாடக் கூடைப்பந்து வளையம் ஒன்று இருக்கிறது. வெளிக்கூட்டைக் காப்பாற்றினால் இப்படிப்பட்ட மூலைகளும் சேர்ந்து பிழைக்கும்.

நம் வாசலில்

லெகோலேண்டில் ‘டிராகன்’ என்ற ரோலர் கோஸ்டர் ஒரு கோட்டைக்குள் மெதுவாகத் தொடங்கி, பிறகு வெளியே பாயும். அந்தக் கோட்டையை ஜொகூரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்துவிட்டார்கள். இப்போதைக்கு அதற்கு ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் முடிவெடுக்கும் நாள் வரும்போது, எப்படி எடுப்பார்கள் என்பதைப் பற்றிப் பேசிவைக்க இது நல்ல நேரம்.

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. கோட்டையும் கொத்தளமும் அரண்மனையும் மரபுடைமை என்று நாம் எளிதில் ஒப்புக்கொள்வோம். தீம் பார்க் என்று சொன்னால் சிரிப்போம். நியூயார்க்காரர்களும் 1970களில் சிரித்திருப்பார்கள். எல்லாச் சவாரியையும் அருங்காட்சியகமாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாதிக்கு மேல் அதற்கு லாயக்கில்லை. வானத்தில் ஓர் உருவமாகப் பதிந்துவிட்ட ஒன்றிரண்டை இடிக்க மனுப் போடும்போது, ‘உள்ளே மாற்றி, கூட்டை வைக்க முடியுமா என்று பார்த்தீர்களா? செலவுக் கணக்கு எங்கே?’ என்று கேட்கும் அதிகாரம் நகராட்சி மன்றத்துக்கு இருந்தால் போதும். இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றம் கட்டட வரைபடத்துக்கு எத்தனையோ கேள்வி கேட்கிறது. இதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. எல்லை தாண்டும் விரைவு ரயிலும் வந்துவிட்டால் இரு பக்கத்துப் பூங்காக்களும் ஒரே கூட்டத்துக்காகப் போட்டி போடும். புதியது காட்டு, புதியது காட்டு என்ற நெருக்கடி கூடும். அந்த நெருக்கடியில் முதலில் பலியாவது பழைய உருவம்தான். பெயின்ட் அடித்த விளம்பரப் பலகையை விட அது விற்காது என்று கணக்கர்கள் சொல்வார்கள். கலிபோர்னியாவில் 1977இலிருந்து விற்றுக்கொண்டிருப்பது எது என்று அவர்களிடம் கேட்கலாம்.

2027இல் மூன்று விஷயம் ஒன்றாக வருகிறது. டோக்கியோவில் இடித்துக் கட்டிய கூம்பு திறக்க வேண்டும். கலிபோர்னியாவில் உள்ளே மாற்றிக் காத்த கூம்புக்கு மே மாதம் ஐம்பது வயது. நம் லெகோலேண்டுக்குச் செப்டம்பரில் பதினைந்து. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இஸ்கண்டார் புத்ரியில் யாராவது கையில் வரைபடத்தோடு வந்தால் கேட்க வேண்டிய கேள்விகளை அப்போது இன்னும் திருத்தமாகக் கேட்கலாம்.